துடைத்த தரை

"ஸ்டீராய்டு குடுத்தா நுரையீரல் தேறும். ஆனா பின்னால நடக்கவே வராமப் போகலாம். எத்தனை தடவை சொல்றது?" டாக்டர் எரிந்து விழுந்தார்.

குறைமாதக் குழந்தையின் அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. "மூச்சே இல்லாதவனுக்குக் கால் எதுக்கு? போடுங்க."

நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலைதான் உருளும் என்று முணுமுணுத்துக்கொண்டே நர்ஸ் ஊசியைப் போட்டாள். சில நாளில் வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். பிள்ளை தானாக மூச்சு விட்டது.

அன்றைக்கே துப்புரவுக்காரி சண்டைக்கு வந்தாள். "இப்பத்தான் துடைச்சேன் சிஸ்டர். யார் வீட்டுப் பிள்ளைய உள்ள விட்டீங்க?"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். நடை பழகிய பிள்ளையின் ஈரத் தடங்கள் இன்குபேட்டரின் அடியிலிருந்து கிளம்பி வாசலைத் தாண்டிப் போயிருந்தன. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் மட்டும் இரண்டு பாதத் தடங்களும் சேர்ந்து நின்றிருந்தன.