நல்ல படி

கஸ்பார் குடையை விரித்துக்கொண்டார். மழை இல்லை. வெயிலும் இல்லை. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்தபடி அம்மாபேட்டைத் தெருவின் மறு ஓரமாக நடந்தார்.

தப்பவில்லை. தையற்காரி வேளாங்கண்ணி மிஷினை நிறுத்திவிட்டுக் கடை வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, பெரிய பாடகர் ஆனதும் குடைக்குள்ளாற ஒளிஞ்சுக்கறீங்க?"

கஸ்பார் குடையை மடக்கினார். ஐம்பது வயதில் அவர் மேடை ஏறிய செய்தி கோயில் பங்கு முழுவதும் பரவியிருந்தது. ரயில்வேக்காரர்கள் ஆடிப் பாடும் ஜங்ஷன் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மாலை. ஜாஸ், சோல் என்று மூன்று இங்கிலீஷ் பாட்டுகள். பின்னால் பேண்டு.

"மூணாவது பாட்டுல வார்த்தை மறந்து வெறுமனே முனகினீங்களாமே" என்று அவள் சிரித்தாள். "அதுதான் நல்லா இருந்துச்சாமே."

அவருக்கு முகம் சுட்டது. கச்சேரிக்கு வந்திருந்த எவனோ ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.

வேளாங்கண்ணி ஒரு காலத்தில் கோயில் பாட்டுக் குழுவின் முதல் குரல். 'தகரக் கூரையில் விழும் மழை' என்று அவளைப் பற்றிப் பத்திரிகையில் செவியன் என்பவன் கேலியாக ஒரு வரி எழுதினான். அதற்குப் பிறகு பூசையில் அவள் உதடு மட்டும்தான் அசைகிறது.

"அந்தச் செவியன் லேசுல ஒருத்தரை மெச்சமாட்டானுங்க" என்றாள். இப்போது சிரிக்கவில்லை. "உங்களை மெச்சியிருக்கான். அப்ப நீங்க நெசமாவே பாடியிருக்கீங்க."

கஸ்பார் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார்.

செவியன் அவர்தான். பத்திரிகை ஆசிரியருக்கும் மனைவி செல்வமேரிக்கும் தவிர யாருக்கும் அது தெரியாது. ஊருக்கு அவர் அதே பத்திரிகையில் நெசவு நூல் விலை நிலவரம் எழுதும் கஸ்பார்.

அந்த வாரம் ஊரில் நடந்த ஒரே கச்சேரி அவருடையது. இசைப் பத்தி இல்லாமல் இதழ் வராது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். கஸ்பார் எழுத உட்கார்ந்தார். முதல் சில வரிகள் அடக்கமாகத்தான் வந்தன. பிறகு கை ஓடிவிட்டது. மறந்துபோன வார்த்தைகளைப் பற்றி மூச்சு விடவில்லை. 'இந்த மண்ணில் இப்படியும் ஒரு குரல்' என்று முடித்தார்.

அவருடைய கையெழுத்து அச்சுக்கோப்பவர்களுக்கு விளங்காது. செல்வமேரிதான் அதைப் பார்த்தெழுதி நல்ல படி எடுத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டு வருவாள். கிழித்துப் போட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள்.

அச்சானதைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் அன்று சோறு இறங்காது. இந்த முறை இதழைத் தொடக்கூட இல்லை.

இதழ் வந்த கையோடு ஏற்காடு மலையிலிருந்து ஆள் வந்தது. காப்பித் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் அந்தப் பத்தியைத் துரைகளுக்கு வாசித்துக் காட்டினாராம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கிளப்பில் வந்து பாட வேண்டுமாம். சிலோன் ரேடியோவின் முன்னால் காதை வைத்துக்கொண்டு அவர் இத்தனை வருடம் ஏங்கியது இதற்குத்தான்.

வீட்டில் செல்வமேரி அவருடைய கல்யாணக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்டிட்யூட்டுக்கு அவள் வரவில்லை. ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு ஆடுகிற இடத்தில் தனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டாள். அன்று அவர் திரும்பியபோது கோயிலுக்குக் கட்டும் சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலைக்குப் போய் வந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கச்சேரி எப்படி என்று அவள் கேட்கவில்லை.

"கோட்டை எடுத்து வெச்சுடு, மேரி. நான் மலைக்குப் போகலை."

"ஏனுங்க?"

வேளாங்கண்ணி சொன்னதைச் சொன்னார். செவியன் யார் என்று அடுத்த இதழில் போட்டுவிடும்படி ஆசிரியரிடம் சொல்லப் போகிறார். இனிமேல் எழுதவும் போவதில்லை, பாடவும் போவதில்லை. ஒரு பெண்ணின் வாயை அடைத்த கை, தன் வாய்க்குச் சர்க்கரை போட்டுக்கொண்டது. அதற்குமேல் அந்த வாயில் பாட்டு வராது.

அவள் கேட்டுக்கொண்டே காலரைத் திருப்பித் தேய்த்தாள். அவர் குரல் உயர்ந்தது.

"அத்தனை பொய்யையும் உன் கையால எழுதினியே. உனக்குக் கூசலையா?"

"கூசுச்சுங்க."

இஸ்திரிப் பெட்டியைச் செங்கல்மேல் வைத்தாள்.

"அன்னைக்கு சன்னலுக்கு வெளியில நின்னு நானும் கேட்டேன். மொத ரெண்டும் ரேடியோவுல வர்ற பாட்டுங்க. வார்த்தை மறந்தீங்களே, அது ஒண்ணுதான் உங்க பாட்டு."

கஸ்பாருக்கு வேளாங்கண்ணியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

செல்வமேரி கோட்டை உதறி அவரிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதுனதை நான் படியெடுக்கவே இல்லீங்க. நான் கேட்டதைத்தான் எழுதிக் குடுத்தேன்."