பதினெட்டு டன்

"ஏம்மா, இது வயலா, ஒரு வாரமா சவரம் பண்ணாத மூஞ்சியா?" என்று கேட்டுக்கொண்டே லவோனின் வீட்டுக்குள் வந்தார் ஆர்வில்.

கான்சஸில் அவருக்கு இரண்டு வயல்கள். சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பது லவோனிடம் குத்தகைக்கு இருந்தது. அந்தப் பக்கம் இருப்பது அவருடைய தம்பி மகன் மார்லினிடம். கோதுமை அறுத்ததும் மார்லின் துடைத்துவிட்டதுபோல் உழுதுவிட்டான். லவோன் அடிக்கட்டைகளை அப்படியே நிற்கவிட்டாள்.

"உழுதாத்தான் விவசாயி. நீ கம்ப்யூட்டர்ல காத்தடிக்க விட்டு விளையாடுறே. என்னதான் சொல்லுது அது?"

"மார்ச் காத்துல ஏக்கருக்குப் பதினெட்டு டன் மண்ணு பறந்துடுமாம்."

"உன் வாயாலயே சொல்லிட்டே! காத்து அடிச்ச மறுநாளே குத்தகையை மாத்திடறேன்."

அவள் வாய் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மார்ச்சில் புழுதிக்காற்று அடித்து இரண்டு நாள் சூரியனே தெரியவில்லை. மூன்றாம் நாள் ஆர்வில் வந்து லவோனின் வயலோரம் குனிந்து பார்த்தார். அடிக்கட்டைகள் பிடித்து நிறுத்தியதில் ஒரு பிடி மண்கூட நகரவில்லை.

"உன் கம்ப்யூட்டர் புளுகிடுச்சே லவோன்!" என்றபடி வீட்டுக்குள் வந்தார்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'பதினெட்டு டன்' என்ற வரிக்கு மேலே எந்த வயல் என்று போட்டிருந்தது: மார்லின்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க நிக்கலை. மார்லின்கிட்டயும் காட்டினேன், சிரிச்சான்."

ஆர்வில் ஜன்னல் வழியே சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மேல்மண் போய்க் கட்டாந்தரை பல்லிளித்தது. தொப்பியை மெல்லக் கழற்றினார்.

"குத்தகையை மாத்தறேன்னு சொன்னேன் இல்ல? சொன்னா சொன்னதுதான். அந்த வயலையும் நீயே எடுத்துக்கோ."