நாளைக்கு வாங்க

நர்சிங் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் முதலில் மருந்துக்கடைப் பயிற்சியில் தேற வேண்டும். இனிப் பிழைக்கமாட்டார் என்று மருந்துச்சீட்டைப் படித்துக் கடை இயந்திரம் கணித்தவருக்குச் சிவப்பு விளக்கு எரியும், மருந்து கிடையாது. அவரிடம் முகம் மாறாமல், "ஸ்டாக் இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டும். ஜெனிதாவுக்கு அதுதான் வரவில்லை. வீட்டில் அப்பாவே நோயாளியாக நடித்து, குரல் நடுங்காமல் வரும்வரை அவளைச் சொல்ல வைத்தார்.

தேர்வு நாளில், நிஜ நோயாளிகள் வரும் கடையில், கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, மருந்துச்சீட்டை நீட்டியவர் அப்பா. உடம்புக்கு முடியவில்லை என்று அவர் வீட்டில் மூச்சுகூட விட்டதில்லை.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

'சொல்லு மக்களே' என்பதுபோல் அப்பா கண்ணைக் காட்டினார்.

"ஸ்டாக் இல்லைங்க. நாளைக்கு வாங்க."

"சரிம்மா, நாளைக்கு வரேன்" என்றார், வீட்டில் நடித்த அதே குரலில்.

ஜெனிதா தேறிவிட்டாள்.