லட்டுக்குக் காவல்

“கள்ளனுக்கு லீவு இருக்கோ? பிறகு உனக்கென்ன லீவு?”

தவரத்தினம் கூரையைப் பார்த்துக் கத்தினார். கார்ஜ் லே கொனெஸ் போகும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் முறுக்கு வாங்க வந்திருந்த சுகிர்தம் ஒரு அடி பின்னால் போனார். பாரிசின் லா சப்பலில் இத்தனை காலமாகப் பலகாரக் கடை நடத்தும் மனிதருக்குத் திடீரென்று என்ன வந்தது?

“பயப்பிடாதையுங்கோ அக்கா, அண்ணை என்னோடைதான் கதைக்கிறார்” என்றது கூரையில் இருந்த கமரா.

அது சாம்பவியின் குரல். அவள் இருப்பது யாழ்ப்பாணத்தில், கோப்பாயில். வீட்டில் இருந்தபடியே கணினியில் இந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுடைய வேலை. சம்பளம் பாரிசிலிருந்து போகும்.

கோடைக்கு முன்பு தட்டிலிருந்து லட்டுகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. கமரா பூட்ட வந்தவன் அதைக் காசுப்பெட்டிப் பக்கம் திருப்பினான். “காசை இவர் பார்ப்பார், நீங்கள் லட்டுப் பக்கம் திருப்புங்கோ” என்று சொன்னவர் தவரத்தினத்தின் மனைவி புனிதவதி. சாம்பவியை வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான்.

அன்றோடு களவு நின்றது. ஆனால் கள்ளன் பிடிபடவே இல்லை. அந்தக் கவலையாக்கும், தவரத்தினம் நன்றாக மெலிந்துபோனார். பாவம் மனிதர், காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது.

“நாளைக்குப் பௌர்ணமி, போயா அண்ணை. இலங்கை முழுக்க லீவு. கமரா பூட்டின நாள் தொட்டு எனக்கு ஒரு லீவும் இல்லை. சம்பளத்தோடை லீவு தாங்கோ. இல்லாட்டி வேலை செய்யிறன், சம்பளத்தைக் கூட்டித் தாங்கோ.”

“கடை எங்கை இருக்கு? பாரிசிலை. பாரிசிலை ஏது பிள்ளை போயா?”

“அப்ப மாதா பெருநாளுக்குப் பிரான்ஸ் முழுக்க லீவு. நான் கேட்க என்ன சொன்னனீங்கள்?”

தவரத்தினம் சுகிர்தத்தின் முறுக்கை மிகவும் கவனமாக நிறுக்கத் தொடங்கினார்.

“சொல்லுங்கோ அண்ணை!”

“நீ இருக்கிறது கோப்பாயிலை, பிரான்ஸ் லீவு உனக்கு இல்லையெண்டு சொன்னனான்.”

சுகிர்தம் ரயிலை மறந்தார். “நல்லாயிருக்கு அண்ணை உங்கடை நியாயம்! வேலையெண்டால் பிள்ளை ரெண்டு நாட்டிலையும் இருக்கிறாள். லீவெண்டால் ஒரு நாட்டிலையும் இல்லை. அவளென்ன, பிளேனுக்குள்ளையோ குடியிருக்கிறாள்?”

“அப்பிடிக் கேளுங்கோ அக்கா!” என்றது கமரா.

“தங்கச்சி, உங்களுக்கு விளங்காது. இவள் ஒரு நாள் கண்ணை மூடினால் இந்தத் தட்டு முழுக்கக் காலி. ஒருத்தரும் பார்க்க ஆளில்லாமல்...”

சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். கமராவைப் பார்த்தார். பிளாஸ்கிலிருந்து சீனி போடாத தேநீரை ஊற்றி ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்தார்.

“பிள்ளை, நீ லீவெடுத்தால் நாளைக்கு வேறை ஆரும் பார்ப்பினமோ?”

“நான் இல்லாட்டி ஆர் அண்ணை பார்க்கிறது?”

தவரத்தினத்தின் முகம் பழமாகக் கனிந்தது.

“சரி, நீ லீவெடு. முழுச் சம்பளத்தோடை எடு. உழைக்கிற சனத்தின்ரை உரிமையிலை கை வைச்சு வாற காசு எங்களுக்கு ஒட்டாது.”

சுகிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “மாதா உங்களைக் காப்பாற்றுவா அண்ணை” என்றவர், அந்தச் சந்தோசத்தில் இன்னொரு பை முறுக்கும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. தெருவில் சனமில்லை, கடையிலும் இல்லை. காலையில் புனிதவதி பிடித்துக் கொடுத்துவிட்ட லட்டுகள், முந்திரிகைவற்றல் தெரிய, நெய் மினுங்கத் தட்டில் குந்தியிருந்தன.

கண்ணாடிப் பெட்டியின் கதவு ஓசையில்லாமல் திறந்தது. ஒரு கை மெல்ல உள்ளே நீண்டது. உச்சியில் இருந்த பெரிய லட்டை இரண்டு விரல்கள் பூவை எடுப்பதுபோலத் தூக்கின.

“தவரத்தினம் அண்ணை, லட்டை வையுங்கோ” என்றது கூரை. “போயாவுக்கு வேலை செய்தால் புனிதா அக்கா ரெட்டைச் சம்பளம் தாறா!”