கீசர் பார்க்க வந்தவன்

“பையைத் திற” என்றார் பெரியவர். “வரும்போது என்ன இருந்துச்சு, போகும்போது என்ன இருக்கு, ரெண்டையும் நான் பார்க்கணும்.”

கேஸ் கீசர் மெக்கானிக் பையைக் கவிழ்த்தான். ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், பழைய டூத் பிரஷ், ஒரு ஜோடி புது பேட்டரி. பைதான் அழுக்கு, சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

காலையில் எழுந்ததிலிருந்து கீசர் எரியவில்லை. மகள்தான் போன் போட்டாள். போனை வைத்த சூடு ஆறுவதற்குள் ஆள் வாசலில் நின்றான். போன தடவை இதே கம்பெனியிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் பச்சைத் தண்ணீரில் பல் கிட்டிப் போனது பெரியவருக்கு.

குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு வழியை அடைத்து உட்கார்ந்தார். மெக்கானிக்குகளில் பாதிப் பேர் திருடன் என்பது அவர் கட்சி. மீதிப் பாதி இன்னும் மாட்டாத திருடன்.

“முன்னாடி வந்தவன் போர்டு போச்சுன்னான். அதுக்கு முன்னாடி வந்தவன் மிஷினே போச்சுன்னான். ரெண்டும் பொய். உங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டேன், ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. நீ என்ன சொல்லப் போறே?”

“பார்த்துட்டுச் சொல்றேங்க.”

பார்க்கவே இல்லை. நேராகக் கீசருக்கு அடியில் கையை விட்டு பேட்டரி டப்பாவை உருவினான்.

“கேஸைப் பார்க்கலே, தண்ணியைப் பார்க்கலே. எடுத்ததுமே அங்கே கை போகுதே, ஜோசியம் படிச்சிருக்கியா?”

“பத்துக்கு எட்டு இடத்துல பேட்டரிதாங்க” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான். இரண்டு பேட்டரியும் எப்படி இருக்கணுமோ அப்படியே இருந்தன. அவன் கண் கீசரை விட்டுச் சமையலறைப் பக்கம் போனது. அங்கே மகள் அவசரமாகக் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

“என்ன, சாமி மலை ஏறிடுச்சா?”

புது பேட்டரி போட்டான். வெந்நீர்க் குழாயைத் திறந்தான். டக் டக் என்று பொறி அடிக்க வேண்டிய மிஷின் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

“போர்டு போச்சுன்னு சொல்லிடேன். நாக்கு நுனியில நிக்குதே.”

“இல்லீங்க. எனக்கே இன்னும் தெரியலை. தெரியாம எதையும் சொல்ல மாட்டேன்.”

இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இப்போதுதான் முதலிலிருந்து ஆரம்பித்தான். சிலிண்டரை ஆட்டிப் பார்த்தான், கனம் இருந்தது. ரெகுலேட்டர் திறந்திருந்தது. டியூப் முழுக்கச் சோப்பு நுரை தடவினான், ஒரு குமிழிகூட வரவில்லை.

பிறகு பச்சைத் தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் சேர்த்துத் திறந்துவிட்டுக் குனிந்து பார்த்தான். ஒன்று கொட்டியது. இன்னொன்று நூலாக ஒழுகியது.

“உள்ளே தண்ணி வேகமாப் போகலேன்னா இது எரியாதுங்க” என்று சுவருக்கும் கீசருக்கும் நடுவில் கையை நுழைத்தான். தண்ணீர் வரும் வால்வு முக்கால்வாசி மூடிக் கிடந்தது. திருகினான். டக் டக் டக். நீலமாகப் பற்றிக்கொண்டது.

“போர்டு நல்லா இருக்கு, மிஷினும் நல்லா இருக்கு. மாத்துறதுக்கு ஒண்ணுமே இல்லை. ஆனா இந்த வால்வு தானா மூடாதுங்க. யாரோ மூடியிருக்காங்க.”

“நான்தான்.”

மெக்கானிக் கை துடைப்பதை நிறுத்தினான்.

“எவன் வர்றதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை திறந்து பார்த்துடுவேன். பேட்டரியில ஒண்ணு தலைகீழா இருந்துச்சு. நேரா வச்சுட்டு, வால்வை மூடினேன்.” பெரியவர் ஸ்டூலை நகர்த்தி வழி விட்டார். “தலைகீழா வச்சவ உள்ளே பாத்திரம் தேய்க்கிறா. கம்பெனிக்குப் போன் போட்டா மூணு நாளாகும். அவ உனக்குப் போட்டா மூணு நிமிஷம்.”

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மெக்கானிக் பையைத் திறந்து நீட்டினான். பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை.

“ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா.”