பாதி மீன்

இராசநாயகம் பதினெட்டு ஆண்டுகளாக அந்தச் சிறிய பிரெஞ்சு நகரத்தின் பெரிய உணவகத்தில் தட்டுக் கழுவினார். ஒவ்வொரு வியாழன் மதியமும் ஒரு தட்டில் மட்டும் சரிபாதி மீன் தொடப்படாமல் திரும்பி வரும், முள் நீக்கி, எலுமிச்சை பிழிந்து, யாருக்கோ எடுத்துவைத்ததுபோல. ஓய்வுபெற்றபோது முதலாளி அவரை அங்கேயே ஒரு மதிய விருந்துக்கு அழைத்தார். எந்த நாள் வசதி என்று கேட்டதற்கு, வியாழன் என்றார்.

சன்னலோர மேசையில் ஒரு வயதான பெண்மணி தனியாக இருந்தார். எதிர் நாற்காலியில் அவருடைய கையுறைகள் கிடந்தன. மீனைப் பிளந்து, ஒரு பாதியில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, எலுமிச்சை பிழிந்து, அந்தப் பாதி வெற்று நாற்காலியைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பிவைத்தார். இராசநாயகம் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண்மணி கவனிக்கவில்லை. அதற்குள் இவருடைய மீனும் வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் சமையலறைப் பக்கம் போனார். இப்போது அவருடைய இடத்தில் நிற்கும் தேவகுலம் ஈரக்கையோடு வந்தான்.

"அண்ணை, நீங்கள் சொன்ன அந்த வியாழக்கிழமை ஆள் இண்டைக்கு ஆரையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் போல. ரெண்டு தட்டிலை பாதி மீன் வந்தது."

"ஓம்" என்றார் இராசநாயகம்.