கடைசி சிஸ்டம்

“மேடம், இன்னிக்காச்சும் விடுவீங்களா? ஆபீஸ் முழுக்கப் புது விண்டோஸ் போட்டாச்சு. உங்க சிஸ்டம் ஒண்ணாலதான் வேலை முடியாம நிக்குது.”

“நாளைக்குப் பார்க்கலாம் தயாளன்.” எச்.ஆர். ரோஹிணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தினமும் இதையே சொல்றீங்க. பேஜாரா இருக்கு மேடம். இதை முடிச்சாதான் என்னை பர்மனென்ட் பண்றதைப் பத்தியே பேசுவேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு.”

“உங்க வொய்ஃபுக்கு எப்போ டெலிவரி?”

“அடுத்த வாரம். பேச்சை மாத்தாதீங்க!”

மதியம் ரோஹிணி ஒரு வேலையாகப் பல்லாவரம் வரை போனாள். தயாளன் தன் இடத்திலிருந்தபடியே நெட்வொர்க் வழியாக அவளுடைய சிஸ்டத்துக்குள் நுழைந்தான்.

அவள் தாம்பரம் ஆபீஸ் படியேறும்போது மேனேஜர் ஸ்ரீரங்கன் போனில் அழைத்தார்.

“கடைசி சிஸ்டமும் முடிஞ்சிடுச்சாமே? தயாளனை இன்னியோட அனுப்பிடுங்க. பர்மனென்ட்னு சொன்னதெல்லாம் சும்மா வேலை வாங்கறதுக்கு.”

“சார், டெலிவரி வரைக்குமாவது அவருக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் ஓடட்டும்னுதான் நான் இத்தனை நாள் இழுத்தேன்...”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

உள்ளே அவளுடைய மேஜையருகே தயாளன் சிரித்தபடி நின்றிருந்தான். புதுத் திரை பளிச்சென்றிருந்தது.

“தயாளன், இதைத் திரும்பப் பழையபடி மாத்த முடியுமா?” அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“முடியாது மேடம்.” அவன் பெருமையாகச் சொன்னான். “நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் பழசை அடியோட அழிச்சிட்டேன்.”